பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?

பழைய கார் ஒன்றைப் பார்த்து, ஓட்டி, விலையும் படிந்து கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில்தான் இந்தப் பேச்சு வரும்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துக்கறீங்களா?" கார் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேட்கிற தொகை பெரிதாகத் தெரியாது. மாதத் தவணைக்குள் போட்டுவிட்டால் தெரியவே தெரியாது. ஆனால் அப்படிப் போட்டால் வாரண்டி விலைக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறோம். அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டாம். நிபந்தனைகள் முழுவதும் அச்சான ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்லுங்கள். விளம்பரத் தாளை நீட்டி "எல்லாம் இதிலேயே இருக்கு" என்றால், அதில் இல்லாததுதான் நாம் பார்க்க வேண்டியது. 'இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை' என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பவருக்கு நல்ல கமிஷன் தரும் சரக்கு இது. நாளைக்குப் போனாலும் கொடுப்பார், பேரம் பேசினால் குறைக்கவும் செய்வார்.

வாங்குவது என்ன?

புதுக் காரோடு வரும் வாரண்டிக்கான செலவு காரின் விலைக்குள்ளேயே இருக்கிறது. பழைய காருக்குத் தனியாகப் பணம் கட்டி வாங்குவது நடைமுறையில் இன்சூரன்ஸ் மாதிரிதான் இயங்குகிறது: குறிப்பிட்ட சில பாகங்கள், குறிப்பிட்ட காரணங்களால், குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதானால், ஓர் உச்சவரம்பு வரை செலவை ஏற்கிறோம் என்ற ஒப்பந்தம். விபத்து, திருட்டு, வெள்ளம் எதுவும் இதில் வராது. அவற்றுக்கு மோட்டார் இன்சூரன்ஸ் இருக்கிறது.

நாம் கட்டும் தொகையில் விற்பவரின் கமிஷன், நடத்தும் கம்பெனியின் செலவு, அதன் லாபம் எல்லாம் போக மிச்சம்தான் பழுது பார்க்கத் திரும்பி வருகிறது. வாங்கிய எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைத்திருக்கும். இதில் மோசடி ஏதும் இல்லை, அப்படி இருந்தால்தான் கம்பெனி நடக்கும். எனவே எல்லோருக்கும் பொதுவான பதில் என்று பார்த்தால் 'வேண்டாம்' என்பதுதான். உங்கள் கார் சராசரியைவிட அதிகம் செலவு வைக்கக்கூடியதா, அந்தச் செலவு திடீரென்று வந்தால் உங்களால் தாங்க முடியாதா என்ற இரண்டில் ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் மட்டும் பதில் மாறும்.

ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கார் கம்பெனி தந்த வாரண்டி காரோடு போகும், ஆளோடு அல்ல. பெரும்பாலும் கார் கைமாறினாலும் மிச்சக் காலம் புதிய உரிமையாளருக்கு வந்துவிடும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கேட்டால், எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் ஒன்றரை வருடம் மிச்சமிருக்கும் காருக்கு இன்று முதல் தொடங்கும் இரண்டு வருட வாரண்டி வாங்கினால், உண்மையில் வாங்குவது ஆறே மாதம்.

இன்னொரு கண்ணி காலக் கணக்கில் இருக்கிறது. '5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ.' என்று எழுதியிருந்தால் அது இன்றிலிருந்தா, கார் முதன்முதலில் விற்ற நாளிலிருந்தா? முதல் விற்பனையிலிருந்து என்றால், மூன்று வருடப் பழையதும் 70,000 கி.மீ. ஓடியதுமான காருக்கு மிச்சம் 2 ஆண்டு அல்லது 30,000 கி.மீ. ஆண்டுக்கு 20,000 ஓட்டுபவருக்கு ஒன்றரை வருடத்தில் கிலோமீட்டர் தீர்ந்துவிடும். எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு.

மின்சாரக் கார், ஹைபிரிட் என்றால் பெரிய பேட்டரிக்குத் தனி வாரண்டி இருக்கும். பல கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. தருகின்றன. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் காட்டி இன்னொரு வாரண்டி விற்கப் பார்த்தால், அதே பொருளுக்கு இரண்டாவது முறை பணம் கேட்கிறார்கள்.

பின்னால் நிற்பது யார்?

கார் கம்பெனியே தரும் நீட்டிப்பு என்றால் விலை கூடுதலாக இருக்கும், தகராறு குறைவாக இருக்கும். அவர்கள் சர்வீஸ் சென்டரிலேயே வேலை, அவர்கள் பாகம். கார் விற்பவர் சொந்தமாகத் தரும் வாரண்டி பெரும்பாலும் அவர் ஒர்க்ஷாப்பில் மட்டும் செல்லும். வெளியூரில் கார் நின்றால் அங்கிருந்து இங்கே இழுத்து வரும் செலவு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை, காரும் செய்யாமல் காரும் விற்காமல் வாரண்டி மட்டும் நடத்தும் கம்பெனி. இதில் நல்லவையும் உண்டு, இரண்டே வருடத்தில் காணாமல் போனவையும் உண்டு. இந்தக் கம்பெனி மூடிவிட்டால் க்ளெய்மை எந்த இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

எந்தப் பாகம் உண்டு, எது இல்லை

ஒப்பந்தங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒன்றில் 'கீழே சொன்ன பாகங்களுக்கு மட்டும்' என்று பட்டியல் இருக்கும். மற்றதில் 'கீழே சொன்னவை தவிர எல்லாம்' என்று இருக்கும். இரண்டாவதுதான் விசாலமானது, விலையும் அதிகம். முதல் வகையில் பட்டியலில் பெயர் இல்லாத சின்ன சென்சார்கூட நம் செலவு.

'இன்ஜின், கியர்பாக்ஸ் கவர்' என்ற அடிமட்ட வாரண்டியை வாங்குபவர்கள் அதிகம். இதில் 'ஆயிலில் இயங்கும் உள்பாகங்கள்' என்ற சொற்றொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பிஸ்டன், கிராங்க்ஷாஃப்ட், பேரிங், ஆயில் பம்ப் போன்றவைதான் உண்டு. இன்ஜினுக்கு வெளியே திருகியிருக்கும் டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் தனியாகச் சொல்லியிருந்தால்தான் உண்டு. இன்றைய கார்களில் உள்பாகத்தைவிட இந்த வெளிப்பாகங்கள்தான் முதலில் தொந்தரவு தரும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

பிரேக் பேட், டிஸ்க், க்ளட்ச் பிளேட், டயர், 12 வோல்ட் பேட்டரி, வைப்பர், பல்பு, பெல்ட், ஹோஸ், ஃபில்டர், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவை தேய்மானப் பொருள் என்று ஏறக்குறைய எல்லா ஒப்பந்தமும் ஒதுக்கிவிடும். இது நியாயம்தான். டீசல் கார்களில் புகைவடிகட்டி அடைத்துக்கொள்வதையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள், ஏனென்றால் அது பாகத்தின் கோளாறைவிட ஓட்டும் விதத்தால் வருவது. எப்போதும் குறுகிய தூரமே ஓடினால் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடேறாது.

இதைவிட நுட்பமானது, 'திடீர் பழுது' என்ற வரையறை. ஒரு பாகம் ஒரே நாளில் உடைந்தால் பணம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தால், கம்ப்ரெஷன் குறைந்தால், கியர் மாறும்போது லேசாக உதறினால், அது தேய்மானம் என்று திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. பழைய காரில் பல பழுதுகள் இப்படி மெதுவாக வருபவைதான். தேய்மானத்தால் வரும் பழுதும் சேரும் என்று வெளிப்படையாக எழுதிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஒரு க்ளெய்ம் எப்படித் தட்டிப் போகிறது

90,000 கி.மீ. ஓடிய, டைமிங் பெல்ட் வைத்த இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடுகிறது, பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க்ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது. பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு ஆள் மாற்றி ஆள் வந்து போகும்படிதான் அமைப்பு. பெல்ட் போனதும் திறந்தபடியே நின்றுவிட்ட வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளைகிறது, சமயத்தில் பிஸ்டனே உடைகிறது. இரண்டும் வாரண்டிப் பட்டியலில் இருக்கின்றன, கவலையில்லை என்று நினைப்போம்.

க்ளெய்மைப் பரிசோதிப்பவர் கேட்கும் முதல் கேள்வி: எது முதலில் போனது? பெல்ட். பெல்ட் தேய்மானப் பொருள். 'வாரண்டியில் சேராத பாகத்தால் மற்றவற்றுக்கு வரும் சேதம் சேராது' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த வரி இல்லையென்றால் அடுத்த கேள்வி: காரின் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரிலோ வருடத்திலோ பெல்ட்டை மாற்றிய பில் எங்கே? அது முந்தைய உரிமையாளர் செய்திருக்க வேண்டிய வேலை என்றாலும் பில் நம்மிடம்தான் கேட்பார்கள். பில் இல்லையென்றால் பராமரிப்புக் குறைபாடு, க்ளெய்ம் தள்ளுபடி.

பெல்ட் மாற்றியதற்குச் சான்று இல்லாத காரை வாங்கினால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பிரிக்கும் கூலி மூன்றுக்கும் ஒன்றுதான். அந்த இன்ஜினுக்கு எந்த வாரண்டியும் தராத பாதுகாப்பை அது தரும்.

இன்ஜின் சூடாவதிலும் இதே கதை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போகும் ஹோஸ் கசிந்து, வெப்பமானி சிவப்புக்குப் போன பிறகும் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். கேஸ்கெட் பட்டியலில் இருந்தாலும், எச்சரிக்கை வந்த பிறகு ஓட்டியதால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது. இன்ஜின் கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகியிருந்தால் ஸ்கேனரில் அது தெரிந்துவிடும்.

வாங்கிய முதல் 30 நாள் அல்லது 1,000 கி.மீ. வரை க்ளெய்ம் செய்ய முடியாது என்ற காத்திருப்புக் காலமும் பலவற்றில் உண்டு. வாரண்டிக்கு முன்பே இருந்த கோளாறு சேராது என்பதற்காக வைத்தது. டாக்ஸியாக ஓட்டுவது, இசியு ரீமேப் செய்வது (சக்தி கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது), வெளியில் கேஸ் கிட் பொருத்துவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் செல்லாமல் போகும். முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்திருந்தாலும் அப்படித்தான்.

பணக் கணக்கு

விலையை 100 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காகத்தான். உங்கள் ஒப்பந்தத்து எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரட்டை க்ளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார். அதன் மெகாட்ரானிக்ஸ் யூனிட் போய்விட்டது. கியர்களைத் தேர்வு செய்யும் வால்வுகளும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கும் அந்தப் பெட்டியை முழுதாக மாற்றினால் பாகம் 400, கூலி 100, மொத்தம் 500. காரின் கிலோமீட்டரைப் பார்த்துப் பாகத்தின் விலையில் 30 சதவீதம் தேய்மானக் கழிவு என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆக, பாகத்துக்கு 280. ஒரு மணி நேரக் கூலிக்கும் வரம்பு இருப்பதால் 100-க்குப் பதில் 60. மொத்தம் 340. ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு 300, எனவே 300. ஒவ்வொரு முறையும் நாம் கையிலிருந்து போட வேண்டியது 10. கடைசியில் வருவது 290. 'முழுப் பாதுகாப்பு' என்று சொல்லி விற்ற ஒப்பந்தத்திலும் 210 நம் பாக்கெட்டிலிருந்து போகிறது.

100 கொடுத்து 290 வந்ததே, லாபம்தானே? அந்தப் பழுது வந்தால் லாபம். விலையை, கைக்கு வரும் தொகையால் வகுத்துப் பாருங்கள்: 100-ஐ 290-ஆல் வகுத்தால் சுமார் 34 சதவீதம். அதாவது வாரண்டிக் காலத்துக்குள் இந்த அளவு பழுது வருவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் பணக் கணக்கில் சரிப்படும். உங்கள் மாடலில் அந்தக் கியர்பாக்ஸ் அடிக்கடி போவது என்று தெரிந்த மெக்கானிக் சொன்னால் வாங்கலாம். ஐந்தில் ஒன்று என்றால் நஷ்டம்.

ஆனால் இந்த வகுத்தல் மட்டும் போதாது. ஐந்தில் ஒரு வாய்ப்பே என்றாலும், அந்த 500 ஒரே நாளில் வந்தால் கடன் வாங்க வேண்டியிருக்கும், கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்கிற நிலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் நஷ்டக் கணக்கிலும் வாரண்டி வாங்குவது தவறில்லை. இன்சூரன்ஸ் இருப்பதே அதற்குத்தான். அதே 500-ஐச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிவிட முடிகிறவருக்கு அந்த நியாயம் கிடையாது. அவர் வாரண்டிக்கான 100-ஐத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வந்தால் போதும். பழுது வந்தால் எந்த மெக்கானிக்கிடமும், எந்தப் பாகத்துக்கும், தேய்மானப் பொருளுக்கும்கூட அதிலிருந்து எடுக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். பழுது வராவிட்டால் பணம் அவருடையது. ஒரே நிபந்தனை, அந்தக் கணக்கில் வேறு எதற்கும் கை வைக்கக் கூடாது.

எந்தக் காருக்கு?

மேனுவல் கியர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், எளிய மாடல், பாகம் எங்கும் கிடைக்கும் என்றால் வாரண்டி பெரும்பாலும் வீண். அதில் வரும் செலவுகள் பெரும்பாலும் க்ளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி என்று வாரண்டி தொடாத பக்கத்திலேயே வரும்.

டர்போ, நேரடி இன்ஜெக்ஷன், இரட்டை க்ளட்ச் அல்லது சிவிடி (படிப்படியாக இல்லாமல் கியர் மாறும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், மின்சார ஸ்டீயரிங், பெரிய தொடுதிரை என்று அடுக்கியிருக்கும் சொகுசுக் கார் வேறு ரகம். பழையதாகும்போது காரின் விலை வேகமாக இறங்கும், பாகங்களின் விலை இறங்காது. அரை விலைக்கு வாங்கிய காருக்கும் ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரெஸர், புதுக் காருக்கு என்ன விலையோ அதே விலைதான். இந்த வகைக் கார் மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் இருந்து, 'தவிர எல்லாம்' ரக ஒப்பந்தம் கிடைத்தால், அங்கேதான் வாரண்டிக்கு நல்ல வாய்ப்பு. பத்து வயதைத் தாண்டியவற்றுக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் பட்டியல் சுருங்கி, உச்சவரம்பு குறைந்து, பெயருக்கு இருக்கும்.

முதல் செலவு பரிசோதனைக்கு

வாரண்டி பற்றி முடிவெடுக்கும் முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. கருப்பு என்றால் எரிபொருள் அதிகம். கூலன்ட் டேங்கில் ஆயில் மிதக்கிறதா என்று பார்க்கவும்.

ஓபிடி ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) கோளாறு எதுவும் காட்டாவிட்டாலும், கார் தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில் யாரோ கோளாறுப் பதிவுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எது என்று கேட்பதில் தப்பில்லை.

இந்தப் பரிசோதனை அறிக்கையை எழுத்தில், தேதியும் கிலோமீட்டரும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 'இது முன்பே இருந்த கோளாறு' என்று வாரண்டிக் கம்பெனி சொன்னால் காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

கையெழுத்துப் போட்ட பிறகு ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம், காரை விற்றால் புதியவருக்கு மாறுமா, மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்பவற்றை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தக்க வாரண்டி என்றால் காரை விற்கும்போது கொஞ்சம் விலை கூடும்.

சர்வீஸ் தேதி ஒன்றுகூடத் தவறக் கூடாது. பில்லில் வண்டி நம்பர், தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் கிரேடு நான்கும் இருக்க வேண்டும். 'ஆயில் சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு செல்லாது. நீங்களே ஆயில் மாற்றும் பழக்கம் உள்ளவர் என்றால் வாரண்டி முடியும் வரை அதை விட்டுவிடுவது நல்லது.

கார் நின்றுவிட்டால் முதலில் ஒர்க்ஷாப்புக்கு வேலையைத் தொடங்கச் சொல்லாமல், வாரண்டிக் கம்பெனியை அழைத்து அனுமதி எண் வாங்க வேண்டும். முன்அனுமதி இல்லாமல் பழுது பார்த்தால் பெரும்பாலும் பணம் கிடைக்காது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பிரித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்ற நிலை வந்தால் இன்னும் கவனம். பிரித்த பிறகு காரணம் வாரண்டிக்குள் வராது என்று தெரிந்தால், பிரித்த கூலியும் திரும்பப் பூட்டும் கூலியும் நம் தலையில். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு சரி சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கம்பெனியின் ஆள் பார்க்கும் வரை தூக்கி எறிய வேண்டாம் என்று ஒர்க்ஷாப்பிடமும் சொல்லிவையுங்கள்.

மறுத்தால் காரணத்தை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் "இது சேராது சார்" என்றதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிவு எண் கேட்டதும் சில மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போவது உண்டு.

வாரண்டி முடிய ஒரு மாதமோ 1,500 கி.மீ.யோ இருக்கும்போது காரை மீண்டும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் ஓரத்தில் ஆயில் கசிவு, ஸ்டீயரிங் ரேக்கில் ஆட்டம், ஏசி கம்ப்ரெஸரில் சத்தம், டர்போ பைப்பில் அளவுக்கு மீறிய ஆயில் என்று இன்னும் காரை நிறுத்தாத கோளாறுகள் அப்போதுதான் கண்ணில் படும். க்ளெய்ம் பதிவான தேதி வாரண்டிக்குள் இருந்தாலே பல ஒப்பந்தங்களில் போதும், வேலை முடியும் தேதி தாண்டினாலும் பரவாயில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தத் தேதி கணக்கு என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.